மத்தி எண்ணெய் தடவிய சிவப்புக் கார்

கரித்தூள் படிந்த காரை உலர்ந்த துணியால் துடைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். பார்ப்பதற்கு மாவு மாதிரிதான் இருக்கும் அந்தத் தூள். துணியை வைத்து ஒரு இழு இழுத்தால் போதும், உப்புத்தாளை வைத்துத் தேய்த்த கதைதான். முதலில் தண்ணீர், பிறகு சோப்புத் தண்ணீர், அதற்கும் பிறகுதான் துணி. இதை நான் எத்தனை பேரிடம் கத்திச் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது.

எண்ணூர் துறைமுகத்தில் கப்பலேறக் காத்திருக்கும் புதுக் கார்களைக் கழுவி, பெயின்டில் கீறலோ புள்ளியோ இருந்தால் சரிசெய்து அனுப்புகிற வேலை எனக்கு. அந்தப் பக்கம் நிலக்கரி இறங்குகிறது, இந்தப் பக்கம் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறக்கிறது, நடுவில் உப்புக்காற்று. காலையில் கழுவிய கார் மத்தியானம் கரிமூட்டை தூக்கியவன் மாதிரி நிற்கும். மறுபடியும் கழுவுவோம். கடைசியில் அது கப்பலுக்குள் போய்விடும். கட்டிக்கொடுத்த பெண்ணாவது தலைதீபாவளிக்கு வருவாள். நான் கழுவி அனுப்பிய கார் ஒன்றுகூடத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. எந்த ஊரில் யார் ஓட்டுகிறார்களோ, அவர்களாவது துணியை நனைத்துக்கொண்டு துடைக்கிறார்களோ என்னவோ.

இந்த வேலையால் எனக்கு ஒரு கோணல் பார்வை வந்துவிட்டது. எதையும் நேராகப் பார்க்கமாட்டேன். வெளிச்சம் சரிந்து விழுகிற பக்கமாகப் போய், தலையைச் சாய்த்துத்தான் பார்ப்பேன். நேராகப் பார்த்தால் எல்லாக் காரும் அழகுதான், சாய்த்துப் பார்த்தால்தான் யோக்கியதை தெரியும். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் நெற்றிச்சுட்டியை அப்படிப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் காசிமேட்டில் ஒரு விசைப்படகுக்கு டிரைவர். எங்கள் வீடு திருவொற்றியூர்க் குப்பத்தில். வருடாவருடம் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது படகுகள் கரையில் நிற்கும், இவர் வீட்டில் நிற்பார். சும்மா நிற்கிற ஆள் இல்லை. ஒருமுறை நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பிரித்துவிட்டார். அதனால் அவருடைய தோஸ்து ஒருவர், ஒரு பழைய காரின் இன்ஜினைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டபோது நான்தான் முதலில் சரி என்றேன்.

அந்த தோஸ்து வண்ணாரப்பேட்டைக்காரர். நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். தண்டையார்பேட்டையில் பழைய இரும்புக் கிடங்கு வைத்திருக்கிறார். லாரி, பஸ், கிரேன், எது வந்தாலும் கேஸ் கட்டரால் துண்டு போட்டு அனுப்பிவிடுவார். ஆனால் கிடங்கின் முன்பக்க ஷெட்டில் ஒரே ஒரு காரை மட்டும் அறுக்காமல் வைத்திருந்தார். இரண்டு கதவு, இரண்டே சீட்டு, நீளமான பானெட், மடக்குகிற துணிக்கூரை. வேகமாக ஓட்டுவதற்கென்றே வெளிநாட்டில் செய்த பழைய கார். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கிறது. நான் பார்த்தபோது உப்புப் பூத்த செங்கல் நிறத்தில் இருந்தது. அறுத்துவிடலாமா என்று வேலையாட்கள் எப்போது கேட்டாலும் பாய், "இன்னிக்கு வேணாம், நாளைக்கு பாத்துக்கலாம்" என்பாராம். அந்த நாளை வந்ததே இல்லை.

போன வருடத் தடைக்காலத்தில் என் வீட்டுக்காரர் இன்ஜினை ஓடவைத்தார். ஓடியதைவிட இருமியதுதான் அதிகம், ஆனாலும் ஓடியது. இந்த வருடம் தடைக்காலம் தொடங்கியதும் மறுபடியும் கிடங்குக்குப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். அங்கே பாயின் மனைவியும் இருந்தார். நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர், கையில் டேப்பை வைத்துக்கொண்டு ஷெட்டை அளந்துகொண்டிருந்தார்.

"இங்க தையல் மிசினு போடப் போறேன். எங்க தெரு பொம்பளைங்க தைக்க வர்றேன்னு சொல்லிகீறாங்க" என்றார் என்னிடம்.

"அப்ப இந்தக் காரு?"

"அத்த இவர கேளு. கல்யாணம் ஆன புதுசுல வாங்கிகினு வந்து நிறுத்தினாரு. ரிப்பேர் பண்ணி, உன்ன பக்கத்துல உக்கார வச்சி, எண்ணூர் வரைக்கும் இட்டுகினு போறேன்னாரு. அப்பறம் எனக்கு சுகர் வந்துட்ச்சி, பிரசர் வந்துட்ச்சி. அந்த நாளு மட்டும் இன்னும் வர்ல."

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. பாயின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "படகுங்க கடல்ல எறங்கறதுக்குள்ள ஒண்ணு என்ன இதுல இட்டுகினு போங்க. இல்லன்னா அறுத்துடுங்க. நாலு பேரு பாத்து சிரிக்கிற வண்டியில நான் ஏற மாட்டேன், அத்தயும் இப்பவே சொல்லிட்டேன்."

ஊரிலுள்ள லாரிகளையெல்லாம் துண்டு போட்ட மனுஷனின் முகம் சுண்டிப்போய்விட்டது. அந்தக் காரை அறுப்பது அவருக்கு இரும்பை அறுப்பதில்லை, கொடுத்த வாக்கை அறுப்பது. பார்க்கப் பாவமாக இருந்தது. என் வாய் மூளையைக் கேட்டுக்கொண்டு பேசுகிற வாய் அல்ல. "பாய், நீங்க கவலப்படாதீங்க. அக்கா ஏறுவாங்க. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

கிடங்கில் வைத்து வேலை செய்ய முடியாது. பக்கத்தில் எப்போதும் எதையாவது அறுத்துக்கொண்டிருப்பார்கள், பொறி பறக்கும், இரும்புத்தூள் வந்து ஒட்டும். அதனால் ஒரு விடியற்காலை காரை எங்கள் வீட்டுப் பக்கவாட்டிலுள்ள வலைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம். குப்பமே கூடி நின்று பார்த்தது. ஒரு கிழவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுல எத்தினி கூடை மீனு ஏத்தலாம்?" என்று கேட்டார். ஒன்றுகூட ஏற்ற முடியாது என்றதும் அவருக்கு அந்தக் கார்மீது இருந்த மரியாதை போய்விட்டது.

முதல் சண்டை பெயின்டில் ஆரம்பித்தது. "இன்னாத்துக்கு பேஜாரு? படகுக்கு அடிக்கற பெயின்ட ரெண்டு கோட்டு உட்டா பளபளன்னு ஆய்டும்" என்றார் வீட்டுக்காரர். பாயும் தலையாட்டினார். கரையில் நின்ற படகுகளுக்கெல்லாம் அப்போது பெயின்ட் அடிக்கிற நேரம், டப்பாவும் பிரஷும் எங்கு பார்த்தாலும் கிடந்தன.

"படகு மேல மீன் ஏறும்யா. இதுல அக்கா ஏறணும்" என்று சொல்லிவிட்டு, நான் கதவைத் திறந்து ஓரத்து ரப்பர் பட்டையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினேன். வெயிலே படாத இடம் அது. விரலகலத்துக்குப் பழுத்த மிளகாய்ச் சிவப்பு, நேற்று அடித்தது போல இருந்தது.

பாய் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. "இந்த செவப்புதான் தங்கச்சி. இந்த செவப்ப பாத்துதான் வாங்கினேன்" என்றார். அதற்குப் பிறகு படகுப் பெயின்ட் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

என் வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கொட்டகையில்தான். முதலில் கழுவினோம். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொரு வாளியில் துணியை அலச நல்ல தண்ணீர். பிறகு, களிமண் மாதிரிப் பிசையக்கூடிய ஒரு கட்டி உண்டு, அதைத் தண்ணீர் விட்டு மேலே மெதுவாக ஓட்டினால் ஒட்டிப்பிடித்த இரும்புத்தூளையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். வீட்டுக்காரருக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பார், சொரசொரப்பு நன்றாகத் தெரியும் என்று சொல்லிக்கொடுத்தேன். அன்றிலிருந்து வீட்டில் ஃபிரிட்ஜ், பீரோ, என் முழங்கை என்று எல்லாவற்றையும் பாலிதீன் பை போட்டுத் தடவிப் பார்த்து, "கலீஜா கீது" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மெஷினால் பாலிஷ் போட ஆரம்பித்த அன்று அவர் போட்ட சத்தம் கடல்வரை கேட்டிருக்கும். சுற்றுகிற வெள்ளைப் பஞ்சு முழுவதும் சிவப்பாகிவிட்டது. "நிறுத்துமே! வண்டி ரத்தம் கக்குது!"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. இந்தக் காலத்துக் கார்களில் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். இந்த மாதிரிப் பழைய கார்களில் அது கிடையாது, நிறம் மட்டும்தான். மேலே வெயிலில் செத்துப்போன தோல் உரிந்து பஞ்சில் வருகிறது, அவ்வளவுதான். அடியில் உயிருள்ள சிவப்பு இருக்கிறது. ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் பயம். ஓரங்களிலும் பானெட்டின் மேட்டிலும் பெயின்ட் அப்பளமாக மெலிந்திருந்தது. ஓரங்களுக்கு டேப் ஒட்டி மறைத்தேன். பானெட்டை மெஷின் வைக்காமல் கையாலேயே தேய்த்தேன். இன்னொரு முறை அங்கே அழுத்தித் தேய்த்தால் அடிப்பூச்சின் சாம்பல் நிறம் வெளியே வந்துவிடும், அப்புறம் முழுதாகப் பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. இதை வீட்டுக்காரரிடம் ஒருமுறைக்கு நான்குமுறை சொன்னேன். "பானெட்டத் தொடாத. பானெட்ட மட்டும் தொடவே தொடாத."

உதிர்ந்த இடங்களில் நிறம் கலந்து மெல்லிய பிரஷால் புள்ளி புள்ளியாக வைத்து நிரப்பினேன். மேலே மெழுகு போட்டு எடுத்தபோது கொட்டகைக்கு வெளியே கட்டியிருந்த நீல வலை, கண்ணாடியில் தெரிகிற மாதிரி, காரின் கதவில் தெரிந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் சாய்த்தேன், அந்தப் பக்கம் சாய்த்தேன். ஒரு குறையும் இல்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன், வேறு யார் மெச்சப் போகிறார்கள்? வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அக்காவை வரச் சொல்லுங்கள் என்று பாய்க்குப் போன் போட்டேன். தடைக்காலம் முடிவதற்கு முன்னால் அதுதான் கடைசி வெள்ளி.

வியாழக்கிழமை எனக்கு டூட்டி. சாயங்காலம் திரும்பி வந்தால் தெருமுனையிலேயே ஒரு வாடை அடித்தது. குப்பத்தில் மீன் வாடை அதிசயமில்லை. ஆனால் இது வேறு, கொப்பரையில் போட்டுக் காய்ச்சின வாடை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். காருக்கு அடியில் பூனைகள். சக்கரத்தின் மேல் பூனைகள். பானெட்டின் மேல் வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டு பூனைகள் ஒன்றையொன்று அறைந்துகொண்டு நின்றன. மிச்சமிருந்தவை நக்கிக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். மரப்படகுக்கு மத்தி எண்ணெய் பூசுவது கடலோரத்தில் காலகாலமாக உள்ள வழக்கம். உப்புத்தண்ணீர் உள்ளே இறங்காது, மரம் நெகிழாது. வீட்டுக்காரர் யோசித்திருக்கிறார். பாவம், நல்லதுக்குத்தான். "மேல நீ இம்மா பாடு பட்டுகீற. அடியில தகரம் உப்புக் காத்துல துரு புடிச்சிட்டா? அதான் ஒரு கேன் மத்தி எண்ண வாங்கியாந்து அடியில நல்லா பூசினேன்."

"அடியில பூசின, செரி. பானெட்டு மேல எப்புடியா வந்திச்சி?"

தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் மீந்துட்ச்சி. வீணாக்குவானேன்னு மேலயும் ஒரு கை தடவினேன். பளபளன்னு இன்னா ஷோக்கா இருந்திச்சி தெரியுமா?"

அப்போது நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அவருடைய படகு, அதன் இன்ஜின், அந்த மத்தி மீனின் ஏழு தலைமுறை, எதையும் நான் விடவில்லை. பேசி முடித்ததும் காரின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் அழுகிற அழுகை இல்லை அது. அக்கா வந்து பார்த்துவிட்டு "அறுத்துடுங்க" என்று சொல்வது காதில் கேட்டது. பாயின் முகம் வேறு கண்முன் வந்தது.

வீட்டுக்காரர் வெளியே போனார். தடையில்லாத சிறுபடகுக்காரர்களிடம் கெஞ்சி ஒரு கூடை நெத்திலி வாங்கிக்கொண்டு வந்தார். கடலில் பிறந்து வளர்ந்த ஆள், கைநீட்டி மீன் வாங்கி, "பா, பா" என்று பூனைகளைக் கூப்பிட்டுக்கொண்டு தெருக்கோடிவரை நடந்துபோனதைக் குப்பமே பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. பூனைகள் எல்லாம் வரிசையாகப் பின்னால் போயின. எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

சோப்பு போட்டு எண்ணெயை எடுத்தேன். என் மெழுகும் அதோடு போனது. பூனை நகத்தின் கீறல்கள் பெரும்பாலும் மேலோட்டமாகவே இருந்தன, கையால் தேய்த்தே போக்கிவிட்டேன். ஆனால் பானெட்டின் நடுவில், மேட்டின் மேலேயே, மூன்று கோடுகள் சேர்ந்தாற்போல் ஆழமாக விழுந்திருந்தன. அந்த இடத்தில் தேய்க்க முடியாது. மெழுகு மட்டும் போட்டு விட்டுவிட்டேன். அடியில் பூசியது தகரத்தின் இண்டு இடுக்கெல்லாம் இறங்கியிருந்தது, அந்த வாடையை என்ன செய்தும் விரட்ட முடியவில்லை.

மறுநாள் பாய் வெள்ளைச் சட்டையில் சீக்கிரமே வந்துவிட்டார். மூக்கைச் சுளித்தார். நடந்ததைக் கேட்டார். பையிலிருந்து அத்தர் பாட்டிலை எடுத்து சீட்டின் மேல் அப்படியே கவிழ்த்துவிட்டார். நான் தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. "தங்கச்சி, பூனை கதய அவகிட்ட சொல்லாத" என்றார். என்னால் அதெல்லாம் ஆகாது. கீறலை மறைத்து ஒரு காரையும் இதுவரை நான் அனுப்பியதில்லை.

அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். குப்பத்தில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். காருக்கு நாலடி தூரத்தில் நின்று முகர்ந்தார்.

"இது இன்னா வாசன? கல்யாண வூட்டுக்குள்ள கருவாடு வறுத்தா மாதிரி கீது?"

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மத்தி எண்ணெய், பூனை, பானெட்டின் மூன்று கோடு, ஒன்றையும் விடவில்லை. பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா காரைச் சுற்றி வந்தார். அவர் பார்வை எங்கே போகிறது என்றுதான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு எதிரில் நின்றவர், கொஞ்சம் குனிந்தார். கதவின் சிவப்பில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, நழுவியிருந்த முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். அவர் அதை யோசித்துச் செய்யவில்லை, கண்ணாடி முன்னால் நிற்கிறவள் செய்வது போலக் கை தானாகப் போனது. எனக்கு மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்து நேற்றைய வெள்ளைப் பூனை எங்கிருந்தோ தாவி பானெட்டின் மேல் ஏறி, நடுவில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துகொண்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். நாலு பேர் சிரிக்கிற வண்டியில் ஏறமாட்டேன் என்றவராயிற்றே, பாயின் முகம் வெளுத்துப்போனது.

"அத்த அடிக்காத" என்றார் அக்கா. அவருடைய குரலிலும் சிரிப்பு இருந்தது. "அதுவே ஏறி உக்காந்துகீது. நான் ஏற மாட்டனா?"

கதவைத் திறந்து உட்கார்ந்தார். பாய் சாவியைப் போட்டுத் திருப்பினார். இன்ஜின் இருமி, தும்மி, பிறகு பிடித்துக்கொண்டது. பூனை குதித்து ஓடியது. கூரையை மடக்கிவிட்டு எண்ணூர் பக்கமாகப் போனார்கள்.

தெருமுனையில் சிவப்பு மறைந்ததும் எனக்கு வெறிச்சென்று ஆகிவிட்டது. கப்பலின் கதவு மூடுகிறபோது எப்போதும் வருகிற அதே வெறுமை. வாசலிலேயே நின்றேன். வீட்டுக்காரர், "உள்ள வாமே, வழியில நின்னுட்டா போன் பண்ணுவாங்க" என்றார். நான் அசையவில்லை.

வெயில் தாழ்ந்தபோது இருமல் சத்தம் முதலில் கேட்டது, பிறகு கார் வந்தது. பாய் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். அக்காவின் முக்காடு காற்றில் கழன்று தோளில் கிடந்தது, தலை கலைந்திருந்தது. சின்னப் பெண்ணாட்டம் முகம். இறங்கியதும் சட்டமாகச் சொன்னார்: "ஷெட்ல மிசினு போட்டுத்தான் தீருவேன். காரு இங்கியே நிக்கட்டும், பூனைங்க பாத்துக்கும். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் வந்து ஏறிக்கிறேன்."

நான் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போன கார் திரும்பி வந்துவிட்டது. என் கையால் துடைத்து அனுப்பியது, எண்ணூர் ரோட்டின் கரித்தூளையெல்லாம் அப்பிக்கொண்டு, கண்மை கலைந்த பிள்ளை மாதிரி என் வாசலில் வந்து நின்றது. இத்தனை வருட வேலையில் அன்றுதான் முதல்முறை.

வீட்டுக்காரர் தோளிலிருந்த துண்டை உருவி, பானெட்டைத் துடைக்கப் போனார். மற்ற நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். அன்று துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு, வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனேன்.